கேம் ஆட வந்த மாமியாரும் மருமகளும்

டெஸ்ட் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

கேமராவை எந்தக் கோணத்தில் வைப்பது, ஆடுகிறவர் திரையில் எங்கெங்கே தொடுகிறார் என்பதை எப்படிப் பதிவு செய்வது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். அந்தக் கேமராவை ஆன் செய்வதற்கே எனக்குக் கடைசி நாள்வரை யாராவது வரவேண்டியிருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. நாலு பேரைக் கூட்டிவந்து, உட்காரவைத்து, ஒரு மொபைல் கேமைக் கையில் கொடுத்து, அது அவர்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் நம் பிழைப்பு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். சாயும் சமோசாவும் கொடுத்தவர்களின் மனதை நோகடிக்க நம் ஜனங்களுக்கு வராது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே சுற்றி வளைத்துத்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, சோப்பையும் டீத்தூளையும் பற்றி வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டி, தலை நரைத்த பிறகு ஐரோலியில் ஒரு கேம் ஸ்டூடியோவில் வந்து சேர்ந்தேன். நேர்காணலில், “நீங்கள் என்ன கேம் ஆடுவீர்கள்?” என்று கேட்டார்கள். “ஹார்பர் லைனில் தினமும் ஜன்னல் சீட் பிடிப்பேன்” என்றேன். வேலை கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்று உண்டு. ஆண்களுக்கு இது பிடிக்கும், பெண்களுக்கு அது பிடிக்கும். மீட்டிங்கில் யாராவது இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் நிவேதா என்று ஒரு பெண் இருந்தாள். செம்பூர்க்காரி, முப்பதைத் தொடாத வயது, கோபம் மூக்கு நுனியில். அவள் உருவாக்கிய முதல் கேமுக்கு ‘சந்தை’ என்று பெயர். இரண்டு பேர் ஆட வேண்டும். ஆளுக்கொரு காய்கறித் தள்ளுவண்டி, நடுவில் ஒரு குறுகலான கல்லி, நம் ஊர்ச் சந்து. காய்களை அழகாக அடுக்கினால் வாடிக்கையாளர்கள் வருவார்கள். எதிராளியின் வாடிக்கையாளர்களை விலையைக் குறைத்து இழுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாடு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதிராளியின் வண்டிக்கு முன்னால் ஒரு மாடு வந்து படுத்துக்கொள்ளும். என்ன ஹார்ன் அடித்தாலும் எழுந்திருக்காது. அந்த மாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆண்களுக்கு அடிதடி கேம்கள் ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடந்தன. மத்தியானம் வீட்டு வேலை முடிந்து போனைக் கையில் எடுக்கும் பெண்களை நம்பித்தான் சந்தைக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே அவர்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் ஆண்கள் வந்தார்கள். தாராவியிலிருந்தும் கோவண்டியிலிருந்தும் ஜோடி ஜோடியாக நண்பர்கள். ஒரே சத்தம். மாடு படுத்ததும் ஒருவன் பக்கத்து நாற்காலிக் குஷனைத் தூக்கி நண்பன் மேல் எறிந்தான். தோற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் “நெட் ஸ்லோவா இருக்கு” என்றார்கள். அந்த கேமுக்கு நெட்டே தேவையில்லை.

பிறகு பெண்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு ஆபீசுக்கு வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்குவார்கள் என்று, “உங்கள் வீட்டிலிருந்து இன்னொரு பெண்ணையும் துணைக்கு அழைத்து வாருங்கள்” என்று சொல்லியிருந்தோம். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வந்து இறங்கியவர்கள் யார் தெரியுமா? மாமியாரும் மருமகளும், மன்னியும் நாத்தனாரும், ஓரகத்திகளும். அந்த ஜோடிகளையே அருகருகே உட்காரவைத்து எதிரெதிராக ஆடச் சொன்னோம்.

மாட்டுங்காவிலிருந்து வந்த மன்னியும் நாத்தனாரும் கல்லியின் இரண்டு முனைகளில் வண்டியை நிறுத்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழைய முடியும்.

“மன்னி, நீங்கோ போங்கோ” என்றாள் நாத்தனார்.

“நீ போடி. நேக்கு என்ன அவசரம்?”

“அய்யோ, பெரியவா நீங்கோ இருக்கறச்சே நான் போவேனா?”

நேரம் முடியும்வரை இரண்டு வண்டிகளும் நின்ற இடத்திலேயே நின்றன. வாடிக்கையாளர்கள் வெயிலில் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தாராவியிலிருந்து வந்தவர்கள் இசக்கியம்மாளும் அவர் மருமகள் ரேவதியும். இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஆயுளில் பாதியை இங்கே கழித்தவர். ரேவதி இங்கேயே பிறந்தவள், பேச்சில் பாதி ஹிந்தி. ரேவதி தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேமே என்று உட்கார்ந்திருந்தாள். மாமியார் சுலபமாக ஜெயித்தார். மறுபடி ஜெயித்தார். பிறகு கொட்டாவி விட்டார்.

“எப்படி இருக்கும்மா கேம்?” என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொம்பளையாளுக்கு எதுக்கு இந்தப் போட்டியெல்லாம்? சும்மா வண்டிய அலங்காரம் பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போறோம்.”

ரேவதியைப் பார்த்தேன். “ஹாங் ஆன்ட்டி. அத்தை சொல்றதுதான்” என்றாள்.

அன்று வந்த பெண்கள் பெரும்பாலும் இதையேதான் சொன்னார்கள். அறிக்கை தயாரானது. ஆண்களுக்குப் போட்டி பிடிக்கும், அலங்காரம் பிடிக்காது; பெண்களுக்கு அலங்காரம் பிடிக்கும், போட்டி பிடிக்காது. நானும் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தலைவருக்குப் பரம திருப்தி. அவரும் செம்பூரில் வளர்ந்த தமிழர்தான், நல்ல மனிதர், ஆனால் வண்ணப் படம் போட்ட அட்டவணை ஒன்றைக் காட்டினால் போதும், நம்பிவிடுவார். எதிராளியையும் கல்லியையும் மாட்டையும் தூக்கிவிடுவது என்று முடிவெடுத்தார். சந்தை ஒரு பூக்கடை அலங்கார கேம் ஆகிவிடும், வேறொரு குழு அதைச் செய்யும், நிவேதா அவர்களுக்குப் பூ வரைந்து கொடுப்பாள்.

நிவேதா என் மேஜைக்கு வந்து பொங்கினாள்.

“நான் பொண்ணு இல்லையா ஆன்ட்டி? எனக்குப் போட்டி பிடிக்காதா? சின்ன வயசுல அண்ணன் டிவில கேம் ஆடுவான். நானும் ஆடணும்னு அழுவேன். இன்னொரு ரிமோட்டை எடுத்து என் கையில குடுப்பான். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்த ரிமோட்டோட வயரை அவன் கனெக்டே பண்ணலை. நான் பாட்டுக்கு பட்டனை அமுக்கிட்டு, நான்தான் ஆடறேன்னு குதிச்சிட்டு இருந்திருக்கேன். அதுக்குத்தான் ஆன்ட்டி இந்த கேமைப் பண்ணேன். இப்ப மறுபடியும் வயரைப் பிடுங்கறாங்க.”

அவளுக்கான பதில் இருந்தது வராந்தாவில். சொல்லப்போனால், அறிக்கை தயாராவதற்கு முன்பே அது என் கண்ணில் பட்டிருந்தது, மனதில்தான் ஏறவில்லை. டெஸ்ட் முடிந்த அன்று இசக்கியம்மாள் கைகால் கழுவப் போயிருந்தார். வராந்தாவிலிருந்த வரவேற்பு மேஜையில், கம்ப்யூட்டரே எதிராளியாக ஆடும்படி ஒரு போனில் சந்தையைப் போட்டு வைத்திருந்தோம். ரேவதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை எடுத்தாள். நான் காகிதம் தேடுகிற சாக்கில் நின்று பார்த்தேன். அம்மாடி, அது என்ன ஆட்டம்! எதிராளியின் வண்டிக்கு முன்னால் மாட்டைப் படுக்கப்போட்டாள். ஒரே நொடியில் விலையைக் குறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, “ஹட்! ஹட் நா! ஆ பேட்டா, ஆ…” என்று எதிராளியைச் சீண்டி ஹிந்தியில் முணுமுணுத்தாள். மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். “ஏம்மா, உள்ளே ஏன் இப்படி ஆடலை?”

“அரே ஆன்ட்டி! அத்தைகூட எப்படி ஆடறது? சாயங்காலம் வீட்டுக்குத்தானே போகணும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு அத்தோடு மறந்துபோனேன். நிவேதாவின் வயர் கதையைக் கேட்ட பிறகுதான் அது சுரீரென்று உறைத்தது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் சாகுல் பாயும் அதோடு சேர்ந்து நினைவுக்கு வந்தார். ஆண்கள் ஆடிய அன்று, கூட்டாளிகள் முன்னால், “இந்தக் காய் அடுக்குறதெல்லாம் பொம்பளை வேலை, மாட்டை விடுங்க” என்று மீசையை முறுக்கியவர் அவர். கூட்டாளிகள் சாய் குடிக்கப் போனதும், தக்காளிக்குப் பக்கத்தில் கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று மோவாயில் கைவைத்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், “சும்மா டைம்பாஸ்” என்றார். ஆண்களுக்கு அலங்காரம் பிடிக்காது என்று அறிக்கையில் எழுதிய வரிக்கு, கூட்டாளிகள் முன்னால் பேசிய அவரும் ஒரு சாட்சி.

நேரே தலைவரின் அறைக்குப் போனேன்.

“சார், நாம கேமை டெஸ்ட் பண்ணலை. குடும்பத்தை டெஸ்ட் பண்ணியிருக்கோம்.”

“அரே ஆன்ட்டி, டேட்டா சாஃபா, தெளிவா சொல்லுது. ஒரு லேடி காரிடார்ல நின்னு ஆடினதை வெச்சு எப்படி முடிவை மாத்துறது? ரிப்போர்ட்ல நீங்களும்தானே சைன் பண்ணீங்க?”

“பண்ணேன். மருமகள் மாமியாரை ஜெயிக்க மாட்டாள்ன்னு அதுல எழுதியிருந்தா அது சரியான ரிப்போர்ட். பெண்களுக்குப் போட்டி பிடிக்காதுன்னு எழுதினதுதான் தப்பு.”

அவர் மேஜையிலிருந்த அட்டவணையைத் தள்ளி வைத்தார். “சரி, இன்னும் ஒரே ஒரு மத்தியானம். நான் உக்காந்து பார்ப்பேன். அதுக்கப்புறம் பூக்கடைதான்” என்றார்.

அதே ஜோடிகளை மறுபடியும் வரவழைத்தோம். அதே கேம், அதே எதிராளி. நான் மாற்றியது உட்காரும் இடத்தையும் பெயரையும் மட்டும். ஜோடியில் ஒருவர் ஒரு அறையில், மற்றவர் வேறொரு அறையில். பெயருக்குப் பதில் ஆளுக்கொரு காயின் பெயர். ஒன்றை மட்டும் எல்லோரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். “எதிரில் ஆடுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம், தெரியாதவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மட்டும்தான் யார் என்று சொல்வோம்.” வந்தவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் கறார். பொய் சொல்லி வாங்கும் பதிலும் பொய்யாகத்தான் இருக்கும்.

இசக்கியம்மாள் முருங்கைக்காய். ரேவதி மிளகாய்.

தொடக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு முதல் மாடு படுத்தது.

“ஏளா மூதி! மாட்ட எடு! யாருளா அது மிளகா? எவ்வளவு ஏத்தம் பாத்தியளா அவளுக்கு!” என்று ஒரு அறையில் இசக்கியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இன்னொரு அறையில் ரேவதி, “ஆவோ முருங்கைக்காய், ஆவோ! இன்னிக்கு உனக்கு சாம்பார்தான்!” என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “பெரியவா நீங்கோ இருக்கறச்சே” என்று அன்று குழைந்த மாட்டுங்கா நாத்தனார், “தரித்திரம்! என் கஸ்டமரைத் திருடறது பாருங்கோ!” என்று மேஜையில் குத்தினாள். திருடியது அவளுடைய மன்னி. மன்னியின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு ஆனந்தம்.

முதல் ஆட்டத்தில் மிளகாய் ஜெயித்தது. முருங்கைக்காய் மறு ஆட்டம் கேட்டு வாங்கி ஜெயித்தது. அதன் பிறகு நாங்கள் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. டெஸ்ட் அறைகளைப் பார்க்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிவேதா என் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. தோற்ற ஆண்கள் நெட்டைத் திட்டினார்கள், தோற்ற பெண்கள் “எனக்கு வேகம் பத்தலை” என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். சிறு வயதிலிருந்தே போனைக் கையில் வைத்திருந்தவர்களின் கட்டைவிரல் வேகமும் மற்றவர்களுக்கு வரவில்லை. இதெல்லாம் நிஜம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுவதற்கு முன்னால், பக்கத்தில் யாரை உட்காரவைத்துக் கேட்டீர்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தலைவர் துள்ளி எழுந்தார். கையில் போன், கண்ணில் வெளிச்சம்.

“ஆன்ட்டி, சூப்பர்! அந்த ரெண்டு பேரையும் லாபியில நேருக்கு நேர் நிறுத்தி, யார் யாரோட ஆடினாங்கன்னு சொல்லி வீடியோ எடுப்போம். மாமியார், மருமக! பணம் போடறவங்க ஒரே நிமிஷத்துல ஓகே சொல்லிடுவாங்க.”

“முதல்ல கேட்கணும் சார்” என்றேன்.

ரேவதியின் அறைக்குப் போய், எதிரில் ஆடியவருக்கு நீ யார் என்று சொல்லலாமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். முருங்கைக்காய் யார் என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பெல்லாம் வடிந்து போயிற்று.

“சொல்லாதீங்க ஆன்ட்டி. ப்ளீஸ். நான் என்னென்ன வாய்க்கு வந்தபடி பேசினேன்னு கேட்டீங்கதானே? அத்தைக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வீட்டுல நடமாடறது?”

வெளியே வந்து, முடியாது என்று தலைவரிடம் சொன்னேன். வீடியோ எடுக்கலாம் என்று அவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்றார். கையெழுத்து இருந்தாலும் நான் வாயால் கொடுத்த வாக்கு வேறு என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு நிவேதாவின் பக்கம் திரும்பினார். அது எனக்குப் பயமாக இருந்தது. என் வாக்கை நான் காப்பாற்றிக்கொள்வது சுலபம். பறிபோகப்போவது அவளுடைய கேம்.

“உன் கேம் நிவேதா. நீயே சொல்லு. இந்த வீடியோ இருந்தா சந்தை பிழைச்சுக்கும். ஒரே ஒரு மத்தியான டெஸ்ட்டை மட்டும் காட்டி நான் மேல போய்ப் பேசினா, கேரண்டி கிடையாது.”

நிவேதா கண்ணாடி வழியாக ரேவதியைப் பார்த்தாள். ரேவதி துப்பட்டாவை அவிழ்த்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்து, பழையபடி தேமே என்ற முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். நிவேதா கண்ணாடியிலிருந்து திரும்பினாள்.

“வேணாம் சார்” என்றாள்.

மகள் வயதுப் பெண் அவள். அந்த நிமிடத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது. ஆபீசில் அழக் கூடாது என்று நானே பலருக்குச் சொல்லியிருந்ததால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

தலைவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று லிஃப்டுக்குப் போனார். லிஃப்டில் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். அவருடைய கெட்ட நேரமோ எங்களுடைய நல்ல நேரமோ, டெஸ்ட் முடிந்த பெண்கள் அத்தனை பேரும் அதே லிஃப்டில் ஏறினார்கள். அவரைச் சுவரோடு சுவராக நெருக்கி நிறுத்திவிட்டார்கள். மாட்டுங்கா மன்னி அவரை ஏற இறங்கப் பார்த்து, “ஏம்ப்பா, நீதான் இங்க பெரியவனா? இந்த கேமை எங்க போன்ல எப்போ போட்டுத் தருவே?” என்று கேட்டார். ஒரு ஓரகத்தி, “அந்தப் பூசணிக்காயோட நான் இன்னொரு தடவை ஆடணும், மறுபடியும் எப்ப கூப்பிடுவீங்க?” என்று கேட்டாள். அவர் இறங்கி நடந்த பிறகும் கார்வரை விடவில்லை. முதல் டெஸ்ட் முடிந்த அன்று ஒருத்திகூட இப்படிக் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் வந்து என் மேஜையைத் தட்டினார். “எதிராளி இருக்கட்டும். மாடும் இருக்கட்டும். பேரை மறைச்சு ஆடுற வசதியைப் பெருசாப் போடுங்க. மேல நான் பேசிக்கிறேன். வீடியோ இல்லாமலே பேசறேன்” என்றார். பேசவும் செய்தார். சந்தை வெளிவந்தது, நிவேதாவின் பெயரோடு.

இரண்டாவது டெஸ்ட் முடிந்த அன்று மாலை வாசலில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. ரேவதி ரிக்‌ஷா பிடிக்கச் சாலைக்கு ஓடியிருந்தாள். இசக்கியம்மாள் என் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் இன்னும் ஆட்டத்தின் சூடு தணியவில்லை.

“மிளகா யாருன்னு சொல்ல மாட்டிய, அப்படித்தானே?”

“அவங்க சம்மதிக்கலைம்மா.”

“நீங்க சொல்லாண்டாம். எனக்குத் தெரியும்.”

ரேவதி வந்துவிட்டாளா என்று சாலையைப் பார்த்துக்கொண்டேன். “எப்படிம்மா?” என்றேன்.

“மொதல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி ஓரமா நிக்கா. கடைசில வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறா. மீன் மார்க்கெட்டுல அவ பேரம் பேசுதத நான் பாக்காமலா இருக்கேன்?”

“மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. அது வெறும் கேம்தான்” என்று உளறினேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “எதை வச்சுக்கிட? கல்யாணமாகி வந்ததுல இருந்து இன்னைக்குத்தான் அவ எங்கூட மல்லுக்கு நின்னுருக்கா.”

ரிக்‌ஷா வந்து நின்றது. ரேவதி உள்ளேயிருந்து, “அத்தை, வாங்க” என்று அடக்கமாகக் கூப்பிட்டாள். இசக்கியம்மாள் இரண்டடி போனவர் திரும்பி வந்து என் காதோரம் குனிந்தார்.

“எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிராதிய. அப்புறம் பழையபடி தோத்துக் குடுக்க ஆரம்பிச்சிருவா.”